விசிறி நின்ற இடம்

ஓணத்துக்கு ஒரு தோசைக்கல் வாங்கப் போன விஜயம், கடையில் கொடுத்த கூப்பனில் பெயரையும் ஃபோன் நம்பரையும் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தாள். வந்து மறந்தும் போனாள். அந்தக் கூப்பனுக்குத்தான் முதல் பரிசு விழுந்தது. ஒரு ஏசி, பாத்திரம் தேய்க்கும் மிஷின் ஒன்று, நாலு வட்டம் போட்ட பெரிய இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று. மூன்றையும் மினி லாரியில் ஏற்றி, கூடவே ஒரு ஃபோட்டோக்காரனையும் ஏற்றிக்கொண்டு, கடைக்காரர்கள் வலியசாலையில் அவள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள்.

ஃபோட்டோவில் விஜயம் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் நிற்கும் சாம்பசிவன் துக்கம் கேட்க வந்தவர் மாதிரி இருக்கிறார்.

சாம்பசிவன் ஏஜீஸ் ஆபீஸில் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கத்தின் கணக்கை இனி மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, வீட்டின் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். அவர் வீட்டில் ஒரு சமயத்தில் ஓர் அறையில்தான் விளக்கு எரியும். விஜயம் சாமி அறைக்குப் போனால் சமையலறை இருளும். சாமி அறையிலிருந்து திரும்பினால் சாமி இருட்டில் இருக்கும். ஃபேன் இரண்டாம் நம்பருக்கு மேல் சுற்றியதில்லை. மத்தியானத்தில் ஃப்ரிட்ஜை அணைத்து அதற்குச் சற்று ரெஸ்ட் கொடுப்பார். பின்கட்டு அறையில் ஆள் நடமாட்டம் இல்லை என்று கண்டு அங்கிருந்த பல்பையே கழற்றி வைத்துவிட்டார்.

இவ்வளவு செய்தும் பில் மட்டும் குறையவில்லை. ஒவ்வொரு தடவையும் கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தது. பில்லைப் பார்ப்பார். பிறகு விஜயத்தைப் பார்ப்பார். "எங்கேயோ ஒழுகறது" என்பார். விஜயம் உள்ளே போய்விடுவாள். அவர் இன்னும் கொஞ்சம் இறுக்குவார்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் மூன்று பெட்டிகளும் வந்து உட்கார்ந்தன. வேண்டாம் என்று நேரடியாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஆகவே வேறு வழியாக வந்தார்.

"நம்மாத்து வயரிங் பழசாக்கும். இதெல்லாம் தாங்குமான்னு பார்க்காம வைக்கப்படாது."

"பின்னே, பார்த்துடுங்கோ" என்றாள் விஜயம்.

"தாங்கலேன்னா?"

"தாங்கலேன்னா கடைக்காராளே திருப்பி எடுத்துண்டு போகட்டும். எனக்கென்ன. ஏசியைப் போட்டுண்டு, மேலே கம்பளியும் போர்த்திண்டு ஒரு நாள் தூங்கணும்னு ஆசை. அவ்வளவுதான்."

தாங்காது. அந்த ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அதுவும் வெளியாளாக இருக்க வேண்டும். சாம்பசிவன் நாலு பேரிடம் விசாரித்து ராஜமணியைப் பிடித்தார். ராஜமணி பாறசாலைக்காரன். மச்சினனிடம் வேலை கற்றவன். எதைக் கேட்டாலும் முதலில் "பாடாக்கும்" என்று சொல்லுகிறவன். பாடு என்றால் கஷ்டம். அந்த ஒரு குணத்துக்காகத்தான் சாம்பசிவன் அவனைத் தேர்ந்தெடுத்தார்.

காலையில் ராஜமணி வந்தான். விஜயம் கொடுத்த டீயையும் ஒரு மஞ்சள் கேக் துண்டையும் தீர்த்துவிட்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினான். சுவிட்ச் போர்டுகளைத் தட்டினான். மேலே வயரை மூடி ஓடுகிற மரப் பட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"பாடாக்கும் சாரே."

சாம்பசிவனுக்கு மனசு குளிர்ந்தது. "அதைத்தான் நானும் சொன்னேன். எழுதிக் குடுத்துடு."

"இருங்க. மெயினை ஆஃப் பண்ணி உள்ள ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுதேன். பாக்காம சொன்னா தப்பு."

அந்த வரிசையில் ஒன்பது வீடுகள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர் என்று நிற்பவை. மீட்டரும் மெயினும் ஒவ்வொரு வீட்டுக்கும் வாசல் சுவரில் கண்ணாடி போட்ட பெட்டியில் இருந்தன. கண்ணாடி வழியாகவே ரீடிங் எடுத்துக்கொண்டு போவார்கள், பெட்டியைத் திறக்கும் தேவை யாருக்கும் வந்ததில்லை. ராஜமணி திறந்தபோது உள்ளே ஒரு குளவிக் கூடு இருந்தது. அதை ஓரமாகத் தள்ளி, துருப்பிடித்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தான்.

உள்ளே கூடத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.

"மிச்சம் இருக்குத கரண்டா இருக்கும்" என்றான் ராஜமணி. "பழைய வயரு. உள்ள கொஞ்சம் கெட்டிக் கிடக்கும். வடியட்டும்."

மூன்று பேரும் ஃபேனுக்குக் கீழே நின்று வடிவதற்காகக் காத்தார்கள். அது வடியவில்லை. அதற்குள் வாசலில் ஸ்ரீகண்டன் வந்து நின்றார். அடுத்த வீட்டுக்காரர். ஜரிகை வேஷ்டி, நெற்றியில் சந்தனம், மேலே சட்டை, கேமராவில் தெரியாது என்பதால் காலில் ரப்பர் செருப்பு.

"சாம்பு, உங்காத்துல கரண்ட் இருக்கோ? டொராண்டோக் கொழந்தைகளுக்கு க்ளாஸ் நடந்துண்டிருக்கு. பாதித் தனியாவர்த்தனத்துல எல்லாம் போயிடுத்து."

ஸ்ரீகண்டன் கம்ப்யூட்டர் வழியாக வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர். ராஜமணி அவரைப் பார்த்தான். கையில் இன்னும் ஒட்டியிருந்த துருவைப் பார்த்தான். ஓடிப்போய் மெயினை மேலே தள்ளினான். அடுத்த வீட்டிலிருந்து, "வந்துடுத்து" என்று ஸ்ரீகண்டனின் மனைவி குரல் கொடுத்தாள். கீழே இழுத்தான். "போயிடுத்து" என்றாள்.

"சாரே" என்றான் ராஜமணி, மெல்ல. "உங்க மீட்டருலதான் இவரு வாசிக்காரு."

சாம்பசிவன் ஸ்ரீகண்டனின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தார். முகத்தில் வெளிச்சம் அடிக்க மூன்று பெரிய விளக்குகள். ஒரு கம்ப்யூட்டர். சுவரில் ஏசி.

"ஏசி எனக்கில்லை" என்றார் ஸ்ரீகண்டன், ஏதோ குற்றம் சாட்டப்பட்டவர் போல. "நான் ஏசியில் இருந்தா தொண்டை கட்டிக்கும். மிருதங்கத்துக்காக்கும். இந்த ஊர் ஈரத்துக்குத் தோல் இறங்கிடறது. ராப்பகலா ஓடணும்."

"ராப்பகலாவா?"

"ரெண்டு மிருதங்கம் இருக்கே."

சாம்பசிவன் திரும்பி வந்து விஜயத்திடம் விஷயத்தைச் சொன்னார். அவள் சற்று யோசித்தாள். "அப்ப இத்தனை வருஷமா நான் இருட்டுல காய் நறுக்கினது, அந்த மிருதங்கம் குளுகுளுன்னு தூங்கறதுக்கா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தகவல் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

சாம்பசிவனுக்கு அதற்குள் வேறொரு கேள்வி முளைத்துவிட்டது. தன் மீட்டரில் ஸ்ரீகண்டன் ஓடுகிறார் என்றால், தன் வீடு யார் மீட்டரில் ஓடுகிறது? தான் மிச்சம் பிடித்ததெல்லாம் யாருக்குப் போயிற்று?

"ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாக்குறதுதான்" என்றான் ராஜமணி. "எந்த வீட்டை அணைச்சா உங்க ஃபேன் நிக்குதோ, அதுதான்."

விஜயம் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஃபேனுக்கு நேர் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் தெருவில் இறங்கினார்கள்.

ஸ்ரீகண்டனின் மெயினை இழுத்தார்கள். மூன்றாம் வீட்டில் டீவி நின்றது. "சுத்தறது" என்றாள் விஜயம் ஃபோனில். மூன்றாம் வீட்டு மெயினை இழுத்தார்கள். நாலாம் வீட்டில் பாதித் தலை நரைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தவர் கையில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார். "சுத்தறது" என்றாள் விஜயம். நாலை இழுத்தால் ஐந்து போயிற்று, ஐந்தை இழுத்தால் ஆறு. தெரு முழுக்க ஒவ்வொருவரும் இடது பக்கத்து வீட்டுக்காரரின் மின்சாரத்தில் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீடு கடந்ததும் ஊர்வலத்தில் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒரு நாயும் வந்தது. ஸ்ரீகண்டனுக்கு என்ன தோன்றியதோ, நடுத்தெருவில் நின்று சாம்பசிவனைப் பார்த்துக் கை கூப்பி, "தேங்க்ஸ் சாம்பு" என்றார். உடனே மூன்றாம் வீட்டுக்காரர் ஸ்ரீகண்டனுக்கு நன்றி சொன்னார். நாலாம் வீட்டுக்காரர் பிரஷ்ஷை இடது கைக்கு மாற்றிக்கொண்டு மூன்றாம் வீட்டுக்காரருக்குச் சொன்னார். நன்றி அப்படியே வீடு வீடாகக் கைமாறிப் போயிற்று. எட்டாம் வீட்டு நாச்சியாரிடம் வந்தபோதுதான் தடைபட்டது.

நாச்சியார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மாவு அரைத்து விற்பவள். வீட்டுக்குள் இரண்டு பெரிய கிரைண்டர்கள் விடியற்காலையிலிருந்து ஓடும். ஆனால் அவள் வீட்டு பில் தெருவிலேயே குறைச்சல். அதற்காகக் குடியிருப்போர் சங்கம் மின்சாரச் சிக்கனத்துக்கான கேடயத்தை அவளுக்குக் கொடுத்திருந்தது. சாம்பசிவனே மேடையில் நின்று, 'இந்த அம்மாளைப் பார்த்து நாமெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்' என்று பேசியிருக்கிறார்.

ஏழாம் வீட்டு மெயினை இழுத்ததும் இரண்டு கிரைண்டர்களும் நின்றன. நாச்சியார் மாவுக் கையோடு வந்து கேட்டாள்:

"இப்ப என்ன, கேடயத்தைத் திருப்பிக் கேக்குதியளா?"

"அதெல்லாம் இல்லை" என்றார் சாம்பசிவன்.

"கேட்டாலும் தர முடியாது. அதுல வெத்தல வச்சிருக்கேன்."

அவள் மெயினை இழுத்தபோது தெருவில் எதுவும் அணையவில்லை. எல்லாரும் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். "சுத்தறது" என்று விஜயத்தின் குரல் வந்தது, இப்போது சற்றுச் சலிப்போடு.

மிச்சம் இருந்தது ஒன்பதாம் வீடுதான். அது பூட்டிக் கிடக்கிற வீடு. தம்பானூர் ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர் அங்கே தனியாக இருந்து காலமானார். அவருடைய ஒரே மகள் ஸ்ரீலக்ஷ்மி கழக்கூட்டத்தில் ஃப்ளாட் எடுத்துக்கொண்டு ஐடி கம்பெனியில் வேலை செய்கிறாள். பூட்டிய வீட்டின் மீட்டர் பெட்டிக்குள், மின்சாரம் ஓடினால் அடித்துக்கொள்ளும் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கியது. அணைந்தது. மறுபடி மினுக்கியது.

"ஆளில்லாத வீட்டுல என்ன ஓடுது?" என்றான் ராஜமணி. அவன் குரல் சற்று இறங்கியிருந்தது. கைப்பிடியைத் தானே தொட மனமில்லாமல் சாம்பசிவனைப் பார்த்தான். சாம்பசிவன் இழுத்தார்.

"நின்னுடுத்து" என்றாள் விஜயம்.

பிறகுதான் ராஜமணி ஏணி போட்டு மேலே பார்த்தான். ஒன்பதாம் வீட்டுப் பெட்டியிலிருந்து கிளம்பிய ஒரு வயர், ஓட்டுச் சாய்ப்புக்கு அடியில் எல்லா வீடுகளையும் தாண்டி, முதல் வீட்டுக்குள் போய் நுழைந்திருந்தது. அந்த வயர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோயில் திருவிழாவுக்கு மைக் செட்காரன் கட்டிவிட்டு அவிழ்க்காமல் போனது என்று தெருவே நம்பியிருந்தது. நாச்சியார் அதில் வெங்காயப் பை தொங்கவிட்டிருந்தாள். சாம்பசிவன் தினமும் ஈர வேஷ்டியைப் போட்டு உலர்த்தினார்.

"இதிலயா வேட்டி காயப்போட்டீய?" என்று ராஜமணி ஏணியிலிருந்தே கேட்டான். "கர்த்தர் காப்பாத்தினாரு. இது நூலாக்கும் சாரே. இதுல ஏசி வைக்கவா? ஒரு ஓணான் ஓடினா அறுந்துபோவும்."

"அப்ப தாங்காது."

"எப்படித் தாங்கும்?"

சாம்பசிவன் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். இரண்டு வீடு தள்ளி நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, "தாங்காது" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் ஸ்ரீலக்ஷ்மியிடம் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவள்தானே இத்தனை நாளும் அவருக்காக பில் கட்டிக்கொண்டிருந்தவள். ஃபோன் செய்தார். பூட்டிய வீட்டு மீட்டரை அணைத்துவிட்டோம் என்றார். "ஏன் மாமா தொட்டேள்?" என்றாள் அவள். "நான் வந்துண்டிருக்கேன்."

ஹைவே நெரிசலைத் தாண்டி அவள் வந்து சேர்ந்தபோது மின்சார ஆபீஸிலிருந்து சப் எஞ்சினியர் ஓமனாவும் வந்திருந்தாள். தெருவே ஒன்பதாம் வீட்டு வாசலில்தான் நின்றது. ஸ்ரீலக்ஷ்மி யாரையும் பார்க்காமல் நேரே மீட்டர் பெட்டியிடம் போனாள். அணைந்து கிடந்த சிவப்பு விளக்கைப் பார்த்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமைகளில் அவள் அப்படி வந்து உட்காருவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். வீட்டைத் திறக்க மாட்டாள். டிபன் பாக்ஸோடு படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் போய்விடுவாள். தகப்பனாரின் ஞாபகம், பாவம், என்று விட்டுவிட்டார்கள்.

"அப்பா போனப்புறமும் பில் வந்தது" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "கொஞ்சமாத்தான் வந்தது. ஆனா வந்தது. நான் வந்து பார்த்தேன். கதவு பூட்டியிருக்கு, விளக்கு மினுக்கறது. அப்பா ரொம்பச் சிக்கனம். ரெண்டு லைட் சேர்ந்து போட மாட்டா. பில்லும் அதே மாதிரி இருந்தது. அப்பா உள்ளேதான் இருக்கான்னு புரிஞ்சுது. தொந்தரவு பண்ணப்படாதுன்னு திறக்கலை. வீட்டை விக்கவும் இல்லை."

ஓமனா பேனாவை மூடி வைத்தாள்.

"சனிக்கிழமை வந்து அப்பாகிட்டே எல்லாம் சொல்லுவேன். ஆபீஸ் விஷயம், மேனேஜர் விஷயம். ஒரு தடவை, எனக்குக் கல்யாணம் வேண்டாம்ப்பான்னு சொன்னேன். சட்டுனு விளக்கு நின்னுபோச்சு. கோபம் வந்துடுத்துன்னு ரெண்டு மாசம் இந்தப் பக்கமே வரலை."

சாம்பசிவன் தொண்டையைச் செருமினார். "மத்தியானமா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"அது ஃப்ரிட்ஜு. நான் ரெஸ்ட் குடுத்திருப்பேன்."

ஸ்ரீலக்ஷ்மி தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவர் வேஷ்டியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப நான் பேசிண்டிருந்தது மாமாகிட்டேயா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலை கொழந்தே. நான் அந்தண்டை முதல் வீட்டுல இருந்தேன்" என்றார் சாம்பசிவன். உயிரோடு இருப்பதற்காக ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது அவருக்கு அதுதான் முதல் தடவை. "மன்னிச்சுக்கோ" என்று கேட்டும் விட்டார்.

அவள் ஏதோ நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள். "இல்லை மாமா, அது நீங்க இல்லை. நாலு மணி ஆனா விளக்கு படபடன்னு அடிச்சுக்கும். கண்ணால எண்ண முடியாது. அரைமணி, முக்கால் மணி. அப்பா ட்யூட்டி முடிஞ்சு வந்து வெந்நீர் போட்டுக் குளிக்கிற நேரம் அது. உங்காத்துல வெந்நீர் போடற மிஷின் இருக்கோ?"

"எங்காத்துலயா? இஸ்திரிப் பெட்டியே கிடையாது" என்றார் சாம்பசிவன். "நாலு மணிக்கு நான் லைப்ரரியில பேப்பர் படிச்சிண்டிருப்பேன். ஆத்துல விஜயம் மட்டும்தான்..."

அத்தோடு நிறுத்தினார். சுற்றி நின்றவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்ரீகண்டன் கூரையைப் பார்த்தார். மூன்றாம் வீட்டுக்காரர் நாயைத் தடவினார். நாச்சியார்தான் பொறுக்கமாட்டாமல், "சொல்லிருங்க மாமி, இனி எதுக்கு மறச்சுக்கிட்டு" என்றாள்.

"ஓவன்" என்றாள் விஜயம். "பின்கட்டு ரூம்ல இருக்கு. நீங்கதான் பல்பைக் கழட்டினப்புறம் அங்கே வரதே இல்லையே."

"ஓவனா?"

"கேக் பண்ணுவேன். வாழைப்பழக் கேக். முட்டை போட மாட்டேன்."

"யாருக்கு?"

சாம்பசிவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தபோது பதில் கிடைத்தது. தெருவில் அத்தனை பேரும் தின்றிருந்தார்கள். டொராண்டோவுக்குக்கூடப் போயிருக்கிறது என்று ஸ்ரீகண்டன் பிறகு ஒப்புக்கொண்டார். மீட்டர் ரீடிங் எடுக்க வருகிற பையனுக்கும் உண்டு. சாயங்காலம் வீடு திரும்பும்போதெல்லாம் அவருக்கு ஒரு வாசனை அடிக்கும். பக்கத்தாத்து வாசனை என்று விஜயம் சொல்லுவாள். அவரும் நம்பினார். காலையில் தன் வீட்டுக் கூடத்திலேயே ராஜமணி தின்ற மஞ்சள் துண்டு எந்தக் கடையில் வாங்கியதென்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

ராஜமணிக்கு மட்டும் வேறு கவலை. "ஓவனு எத்தன வாட்ஸ் அம்மா?"

"ரெண்டாயிரம்னு போட்டிருக்கு."

அவன் மேலே ஓடிய வயரை மறுபடி பார்த்தான். தலையைச் சொறிந்தான். "சாரே, நான் தாங்காதுன்னு சொன்னேன். ஆனா டெய்லி தாங்கியிருக்கே."

"இப்ப நீ என்னதான் சொல்றே? தாங்குமா தாங்காதா?"

"தாங்காது. ஆனா தாங்கியிருக்கு. எங்க மச்சினன் இதச் சொல்லித் தரல்ல."

அந்த இடத்தில் ஓமனா தலையிட்டாள். மீட்டர்களை வீட்டுக்கு உள்ளேயிருந்து வாசலுக்கு மாற்றிய காலத்தில், யாரோ ஒரு காண்ட்ராக்டர் பெட்டிகளை இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் தவறான பக்கத்து வீட்டில் இணைத்திருக்கிறான் என்று அவள் விளக்கினாள். கடைசியில் ஒரு மீட்டர் மீந்திருக்கிறது, முதலில் ஒரு வீடு மீந்திருக்கிறது. இரண்டையும் ஒரு வயரால் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

"ஒன்பது மீட்டர், ஒன்பது வீடு. கணக்கு டாலி ஆறதே" என்றார் சாம்பசிவன். தணிக்கைக்காரராக அவரால் அதில் குறை காண முடியவில்லை.

"டாலி ஆயால் போதுமோ சாரே?" என்றாள் ஓமனா. "இந்த வயர் நாளைக்கே இறங்கணும். ஒன்பது வீட்டையும் ஒரே நாளில் மாத்தணும். அதுவரை ஓவன் வேண்டா."

யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற பேச்சை ஏழாம் வீட்டுக்காரர் மெதுவாக எடுத்துப் பார்த்தார். நாச்சியார் அவர் பக்கம் திரும்பியதும் அதை அப்படியே விட்டுவிட்டார்.

மறுநாளே ஒன்பது வீட்டு இணைப்பையும் நேராக்கினார்கள். மைக் செட் வயரைச் சுருட்டி ராஜமணி எடுத்துக்கொண்டு போனான். சாம்பசிவன் வீட்டுக்கு அவருடைய சொந்த மீட்டரிலிருந்து தடியான புது வயர் வந்தது. ஏசிக்கு என்று ஒரு தனி லைன், அடுப்புக்கு ஒன்று. எல்லாம் முடிந்து, ராஜமணி மூன்று பெட்டிகளையும் சேர்த்து ஓடவிட்டு, சுவரில் கை வைத்துச் சூடு பார்த்தான். சாம்பசிவனும் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தார். சுவர் சாதாரணமாக இருந்தது.

"தாங்கும் சாரே" என்றான் ராஜமணி வருத்தத்தோடு. அந்த வார்த்தை அவன் வாய்க்குப் பழக்கமில்லை.

விஜயம் ஏசியைப் போட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். அது ஒரு நாளோடு நிற்கவில்லை. கேக் இப்போது கூடத்திலேயே தயாரானது, சாம்பசிவனுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓர் அறையில் விளக்கை அணைப்பார், மிஷின் ஒன்று இன்னோர் அறையில் பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் தேய்க்கும். எதை அணைப்பது, எதை விடுவது என்று தெரியாமல் சுவிட்ச் போர்டின் முன்னால் போய் நிற்பார். பிறகு திரும்பி வருவார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீலக்ஷ்மி வந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்காமல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். மீட்டரில் சிவப்பு விளக்கு அசையவில்லை. சாம்பசிவன் தெருவில் போகிறவர் போலப் போய் அவள் முன்னால் நின்றார்.

"அப்பாவும் போயாச்சு மாமா" என்றாள். "இனிமே வித்துடலாம்னு நினைக்கறேன்."

அவர் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தார். பிறகு, யோசித்துவிட்டுச் சொன்னாரா, சொன்ன பிறகு யோசித்தாரா என்று அவருக்கே விளங்காதபடி, "சாவியைக் குடேன்" என்றார்.

ஸ்ரீலக்ஷ்மி முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு பையைத் துழாவிச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். தான் உள்ளே வரவில்லை.

கதவு சிரமப்பட்டுத் திறந்தது. உள்ளே ஒரு சாய்வு நாற்காலி இருந்தது, மேசை மேல் ஒரு சிறு விசிறி இருந்தது, சுவரில் பழைய ரயில்வே காலண்டர் இருந்தது. சாம்பசிவன் நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். ஜன்னலை முதலில் திறந்து பார்த்தார். வெளிச்சம் போதவில்லை என்று உறுதியான பிறகே ஒரு விளக்கைப் போட்டார். ஒன்று மட்டும். கொண்டுவந்திருந்த பேப்பரை விரித்தார். வாசலில் ஸ்ரீலக்ஷ்மி டிபன் பாக்ஸைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு சாம்பசிவன் தினமும் அங்கே போனார். அறைக்கு அறை போய் ஒன்றைப் போட்டார், ஒன்றை அணைத்தார். கேட்க ஆளில்லை. அந்த மாத பில் பழையபடி கொஞ்சமாக வந்தபோது அவருக்கு உண்டான திருப்தியை விஜயத்திடம் சொல்லப் பார்த்தார். அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் ஸ்ரீலக்ஷ்மி படியில் உட்கார்ந்து ஆபீஸ் விஷயம், மேனேஜர் விஷயம் எல்லாம் சொல்லுவாள். இப்போது அவருக்குக் காது கேட்கும் தூரம். கேட்கக் கூடாது என்று முதலில் பேப்பரைச் சத்தமாகப் புரட்டினார். நாளடைவில் புரட்டுவதை நிறுத்திவிட்டார். மேனேஜர் மேல் அவருக்கே கோபம் வர ஆரம்பித்தது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை புழுக்கம் தாங்க முடியவில்லை. மேலே ஃபேன் இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. சாம்பசிவன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, யாரோ பார்க்கிறார்களா என்பது போலச் சுற்றிலும் பார்த்துவிட்டு, மேசை விசிறியையும் போட்டார்.

வாசலில் பேச்சு நின்றது. மீட்டர் விளக்கு சற்று வேகமாக மினுக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

"வேர்க்கறதா?" என்று ஸ்ரீலக்ஷ்மி வெளியிலிருந்து கேட்டாள்.

அவள் யாரைக் கேட்டாள் என்று சாம்பசிவனுக்கு நிச்சயமில்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது முறையல்ல.

"கொஞ்சம்" என்றார்.